பல்லின் நிறத்தில் ஒரு பூச்சு

வேல்விழியின் மேல் முன்பல் இரண்டையும் பழைய குளியலறையில் புதிதாகப் பதித்த ஓடு மாதிரி ஆக்கியது நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. சிவகாசியில் எங்கள் தெருவில் பல் டாக்டர் என்று இருந்ததே நான் ஒருவன். 'பல்லின் நிறத்திலேயே பல் அடைக்கப்படும், அடைத்தது தெரியாது' என்று சிவப்பு எழுத்தில் போர்டு வேறு வைத்திருந்தேன்.

பல்லின் நிறம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எச்சில் ஈரம் இருக்கும்போதே, சன்னல் வெளிச்சத்தில், மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்திய பட்டையை உதட்டருகே பிடித்துப் பார்த்துவிட வேண்டும். பஞ்சு வைத்து, காற்றடித்துக் காயவிட்டால் எந்தப் பல்லும் கொஞ்ச நேரத்துக்கு வெளுத்துப்போய் நிற்கும். அதைப் பார்த்து நிறம் எடுத்தவன் ஏமாந்தான். இதைக் கல்லூரியில் சொல்லித்தந்த அன்று நான் வகுப்பில்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேல்விழி வந்த அன்றும் ஜோக்தான். வாய் நிறையப் பஞ்சு வைத்த ஆள் குறுக்கே பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது. என் ஜோக்குகளுக்கு இதைவிட நல்ல சபை கிடைக்காது. நான் பேசி முடித்தபோது அவளுடைய பல் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அப்போதுதான் பட்டையை எடுத்தேன். நிறம் பார்த்தேன், கலவையை அப்பினேன், நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தேன், தேய்த்து மினுக்கி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னம்மா, வலிக்குதா?"

"வலி இல்ல டாக்டர். வெளிச்சமா இருக்கு."

"என்னது?"

கைக்குட்டையை எடுத்தாள். எனக்கே கண் கூசியது.

"வெடி ஷெட்டுல லைட்டு போட மாட்டாக டாக்டர், தீப்பொறி பறக்கும்னு. இனிமே லைட்டே வேண்டாம், வேல்விழி சிரிச்சா போதும், ராத்திரி ஷிப்டே ஓட்டலாங்காளுக."

என் உதவியாளர் ரீனா கருவி கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அவள் பல் உடைந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள் அவள். சுற்றி முடித்ததும் சணலை அறுக்க வேண்டும். மருந்து இருக்கிற இடத்தில் இரும்புக் கத்தரி ஆகாது. ஷெட்டுக்கு ஒரு பித்தளைக் கத்தரி இருக்கும், அது எப்போதும் வேறு யார் கையிலோ இருக்கும். பல்தான் கைவசம். அதனால் அங்கே சணல் சுற்றுகிற பெண்கள் எல்லாருக்கும் முன்பல்லில் ஒரு வெட்டு விழுந்திருக்கும், ரம்பம் வைத்து இழுத்த மாதிரி. வேல்விழிக்கு இரண்டு பல்லிலும் விழுந்திருந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் என் போர்டைப் பார்த்து உள்ளே வந்துவிட்டாள், பாவம்.

இரண்டாம் தடவை நான் வாயே திறக்கவில்லை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தேன். ஈரப் பல்லில் நிறம் பார்த்தேன். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பல், வெள்ளைக்கு அடியில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பழுப்பு ஓடும். அந்தப் பழுப்பையும் மயிரிழையாக உள்ளே வைத்து மேலே பூசினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எது பல், எது பூச்சு என்று எனக்கே தெரியவில்லை. என் தொழிலில் அதற்குமேல் ஒரு பெருமை கிடையாது.

"இனி எந்தக் கொம்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

"எதை எதைக் கடிக்கலாம்?"

"இட்லி. சணல் ஆகாது. மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்கு அப்புறம்."

கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்காமலே சிரித்தாள். அடுத்தடுத்த வாரங்களில் அவள் வருகிற வேனில் வருகிற பெண்கள் ஆளாளுக்கு ஒரு பல்லைக் காட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அதில் செல்லத்தாய் என்று ஒருத்தி, வேல்விழியின் தெருக்காரி, அவளுக்கு வலதுபுறம் உட்கார்ந்து சணல் சுற்றுகிறவள். "அவளுக்குப் பண்ணுன மாதிரியே எனக்கும். முதத் தடவ பண்ணுனது மாதிரி இல்ல" என்று நிபந்தனை போட்டுத்தான் நாற்காலியில் ஏறினாள்.

ஆடி மாசம், தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரம், ஒரு முற்பகலில் அந்தச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டு யாரும் பதற மாட்டார்கள். சரக்கு சோதித்துப் பார்க்கிறான் என்று இருந்துவிடுவார்கள். சத்தத்துக்குப் பிறகு தெருவில் யாராவது அண்ணாந்து பார்த்து, பார்த்தபடியே நின்றால்தான் எல்லாரும் வெளியே வருவார்கள். அன்று டீக்கடைக்காரர் வடக்கே பார்த்தபடி நின்றார். வெள்ளைப் புகை மேலே போய் அகன்றது. ரீனா நோயாளியின் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வேல்விழியின் அம்மா வேலுத்தாய் வந்தாள். புருஷன் இல்லாமல் ஒற்றை மகளை வளர்த்தவள். செருப்பை வாசலில் விட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காராமல், கதவுப் பக்கமே நின்றாள்.

ஷெட்டில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் நாலு பேர்தான் இருந்தார்கள் என்று கம்பெனி சொன்னது. நாலு உடலையும் நாலு குடும்பம் வளையலையும் மெட்டியையும் வைத்து அடையாளம் சொல்லி வாங்கிப் போய்விட்டது. ஆனால் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் இன்னொன்று கிடந்தது. ஒரு பெண். அதற்குமேல் சொல்ல எதுவும் மிச்சமில்லை. மாற்று ஆளாக வேனில் வந்த யாரோ, எந்த ஊரோ என்றது கம்பெனி. வேல்விழி அன்று வேலைக்கே வரவில்லையாம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பியவள் யாருடனோ ஓடிப்போய்விட்டாளாம்.

"போலீசுல பல்லைப் பாத்துச் சொல்லலாம்னு சொன்னாக. நீங்கதானே பூசுனீக. வந்து பாத்து, அவ இல்லைன்னு சொல்லிருங்க டாக்டரு."

"பார்த்தால்தானே அம்மா தெரியும்."

"அவ இல்ல. எனக்குத் தெரியும். ஓடித்தான் போயிருக்கா. போகட்டும். கெட்ட பேருதானே? பேரு எம்புட்டுக் கெட்டாலும் புள்ள உசிரோட இருக்கும்ல."

ஊரில் எத்தனையோ தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். மகள் ஓடிப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாயை அன்றுதான் பார்த்தேன். அவளோடு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

சவக்கிடங்கின் டாக்டர் இராமகிருஷ்ணன் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் கெட்ட கண். என்னை உள்ளே அழைத்துப் போய்த் துணியை விலக்கினார். முழுதாக விலக்கவில்லை, வாய்ப் பக்கம் மட்டும். அந்த இரக்கத்தை நான் மறக்கவில்லை.

உதடு இருந்ததால் முன்பற்கள் ஓரளவு தப்பியிருந்தன. நான் ஈரப் பஞ்சால் கரியைத் துடைத்தேன். இடது முன்பல்லின் முனை உடைந்து, சூட்டில் மேல்தோடு செதிள் செதிளாகக் கிளம்பியிருந்தது. அதில் என் பூச்சு இருந்ததா, இருந்து வெடியில் போனதா, இல்லவே இல்லையா, ஒன்றும் சொல்ல முடியாது. வலது பல் முழுதாக இருந்தது. அதில் பூச்சு இருக்கிறதா? நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன். கருவியின் முனையால் வருடுகிறேன். ஈயப்பூச்சாக இருந்தால் கறுப்பாக, தனியாகத் தெரிந்திருக்கும், பியூனைக் கூப்பிட்டுக் காட்டினாலும் சொல்லிவிடுவான். நானோ எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க முடியாதபடி பூசுகிறவன். அந்தக் கொம்பன் இப்போது கரி பிடித்த கையோடு குனிந்து நின்றான்.

அப்போது ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. கல்லூரி ஆண்டு விழாவில் மேடைக்கு ஊதா விளக்குப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் எங்கள் பேராசிரியர் சிரித்தபோது அவருடைய பல் ஒன்று மட்டும் தனியாகப் பளீரென்று எரிந்தது. பூசிய பல். அந்த விளக்கில் அசல் பல் மங்கலாக மின்னும், இந்தப் பூச்சு அதைவிடப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஊதா விளக்குக்கு எங்கே போவது? தெருவைக் கடந்து எதிரே இருந்த வத்தல் மண்டிக்குள் போனேன். கல்லாப் பக்கத்தில் கள்ள நோட்டுப் பார்க்கிற விளக்கு இருந்தது.

"ஒரு மணி நேரம் இதைக் குடுக்க முடியுமா?"

"கத்தை பெருசோ?" என்றார் மண்டிக்காரர்.

"நோட்டு இல்லைங்க. பல் பார்க்கணும். எதிர்த்தாப்புல."

அவர் எதிர்த்தாப்பில் இருந்த கட்டடத்தைப் பார்த்தார். வயரைப் பிடுங்கிச் சுற்றிக் கையில் கொடுத்தார். "திருப்பிக் கொண்டாரண்டாம் சார். நீங்களே வச்சுக்கிடுங்க."

சன்னலை மூடி விளக்கைக் காட்டினோம். வலது பல்லின் முனையில், ஒரு அரிசி நொய் அளவுக்கு, நீலமாக எரிந்தது. என் கைவேலைதான். அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது.

"ஆக, நீங்க பூசுனதுதான்?" என்றார் இராமகிருஷ்ணன்.

"நான் பூசினதுதான். ஆனா அந்த வேன்ல வர்ற பொண்ணுங்க பாதிப் பேருக்கு நான் ஒரு பல் பூசியிருக்கேன். வேல்விழிக்கு மட்டும்தான் ரெண்டு. இதுல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வெடியில போச்சா, முதல்லயே இல்லையான்னு தெரியலை."

"எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை டாக்டர். அந்தப் பொண்ணா, இல்லையா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னு நான் எழுத முடியாது. சாம்பிள் சென்னைக்குப் போனா எந்தக் காலத்துல வருமோ. இங்க வைக்கிறதுக்குக் குளிர்பெட்டியும் சரியில்லை. யாரும் கேட்டு வரலைன்னா சனிக்கிழமை முனிசிபாலிட்டி எடுத்துப் புதைச்சிரும்."

வெளியே வேலுத்தாய் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றாள். "உறுதியாச் சொல்ல முடியலைம்மா" என்றேன். நான் சொன்னது அது. அவள் காதில் விழுந்தது வேறு. இரண்டு கையையும் கூப்பி, "நீங்க நல்லா இருக்கணும் சாமி" என்று கும்பிட்டுவிட்டு, அங்கிருந்தே மகளைத் தேட அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதுவரைக்கும் என் பேச்சு யாரையும் அடித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு 'முடியலை' அவளை ஊர் ஊராக பஸ் ஸ்டாண்டில் அலையவிடும், அவள் அலைகிற நேரத்தில் மகள் பேரில்லாமல் மண்ணுக்குள் போவாள். சனிக்கிழமைக்குள் யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

போர்மேன் சண்முகவேல் வீட்டுக்குப் போனேன். தலையில் சின்னக் கட்டு. நல்ல மரியாதைக்காரர்.

"வாங்க டாக்டர், காப்பி சாப்பிடுதீகளா?"

"வேண்டாங்க. அன்னைக்கு அந்த ஷெட்டுல வேல்விழி இருந்தாளா?"

"பாலு வந்துருச்சு, ஒரு வாய் சாப்பிடுங்க."

"இருந்தாளா, இல்லையா?"

"எனக்கும் கடவாப்பல்லு ஒண்ணு ஆடுது டாக்டர். ராவெல்லாம் குத்துது. அதைப் பூசலாமா, பிடுங்கணுமா?"

"பார்த்துச் சொல்றேன். வேல்விழி?"

"நாலு பேருக்குத்தான் அங்கன இடம். நாலு பேரு போயிட்டாக. நான் என்ன சொல்ல?" என்று காப்பியைக் கையில் திணித்தார். கம்பெனி சீல் ஆனாலும் அடுத்த சீசனுக்கு வேறு பேரில் திறக்கும். திறக்கும்போது அவருக்கு அங்கே வேலை வேண்டும். காப்பி நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நான் அப்படிப்பட்டவன்.

வெள்ளிக்கிழமை மதியம் செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். வெடித்தபோது அவள் சுற்றிய வெடிகளைக் காயவைக்க வெளியே களத்துக்குப் போயிருந்ததால் தப்பியவள். முன்னறையில் தரையில் உட்கார்ந்து தாளில் பசை தடவிக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி இல்லையென்றால் குழாய். கை நிற்கவில்லை.

"பல்லு நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள், நான் கேட்காமலே.

"பல்லுக்கு வரலை. வேல்விழியைப் பற்றிக் கேக்க வந்தேன்."

"அவதான் ஓடிட்டாள்ல."

"நீ பாத்தியா?"

"எல்லாரும் சொல்லுதாக."

"உனக்குப் பக்கத்துல உட்காருறவ. வேன்ல வந்தாளா, வரலையான்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு அன்னைக்குத் தலைவலி சார். யாரையும் பாக்கல." குழாய் உருண்டது. "இதையெல்லாம் எதுக்கு டாக்டரு கேக்கீக? சொன்னா இந்த ஊருல எந்தக் கம்பெனியிலயும் சணல் தொட விட மாட்டாகளாம். போர்மேன் வந்து சொல்லிட்டுப் போனாக. எனக்கு ரெண்டு புள்ளைக."

அதற்குமேல் நான் கேட்டிருக்க மாட்டேன். எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் வேலுத்தாய் வந்து நின்றாள். மூன்று நாள் வெயிலும் தூசியும் அப்படியே சேலையில் இருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"ஏட்டி செல்லத்தா, ராஜபாளையத்துல பஸ் ஸ்டாண்டு பூக்காரி பாத்திருக்கா. பச்சைச் சேலை. ஒரு பையன்கூட நின்னாளாம். நம்ம புள்ள பச்சைதானே கெட்டியிருந்தா?"

செல்லத்தாய் குனிந்து அடுத்த தாளைச் சுற்றினாள்.

"சொல்லுட்டி. பச்சைதானே?"

"ஆமா பெரியம்மா."

"அன்னைக்கே நீதானே சொன்ன, ஓடித்தான் போயிருப்பான்னு. உன் வாய்க்குச் சக்கரை போடணும். நாளைக்குக் காலையில ராஜபாளையம் போறேன். திட்ட மாட்டேன்னு சொல்லிக் கூப்பிடுவேன்." என்னைப் பார்த்து, "டாக்டரு சாப்பிட்டீகளா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் மூன்றாவது வாசலிலிருந்து கேட்டது.

செல்லத்தாயின் கை நின்றிருந்தது. சுற்றிய தாள் பசை ஒட்டாமல் மெதுவாகத் தானே விரிந்தது.

நான் மறுபடி தரையில் உட்கார்ந்தேன். "நாளைக்குப் புதைச்சிருவாங்கம்மா" என்றேன். "அது யாருன்னு தெரியாமலே. இந்த அம்மா ராஜபாளையத்துல நின்னுக்கிட்டிருக்கும்போது. அந்தப் பொண்ணுக்கு இடது பல்லுல என் பூச்சு இல்லை. வெடியில போச்சா, அதுக்கு முன்னயே போச்சா, எனக்குத் தெரியலை. உனக்குத் தெரிஞ்சா சொல்லு. தெரியலைன்னா நான் போறேன்."

வாசலில் கோழி ஒன்று உள்ளே வரப் பார்த்தது. அவள் விரட்டவில்லை. முந்தானையில் பசைக் கையைத் துடைத்தாள், விரல் விரலாக.

"முன்னயே போயிருச்சு சார்" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட தங்கச்சி கடல மிட்டாய் குடுத்துச்சு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? கடிச்சா. இடதுபக்கத்துப் பூச்சு கழண்டு வாயில கிடந்துச்சு. துப்புனா பாத்திருவாகன்னு மிட்டாயோட சேத்து முழுங்கிட்டா. வாயை மூடியே உக்காந்திருந்தா. அடக்கமான புள்ளைன்னு சொல்லிப் பிடிச்சுப்போச்சு அவுகளுக்கு. நான்தான் டாக்டர்கிட்ட போவோம்னேன். அவ கேக்கல. அவரு சிரிப்பாரு, ரீனாக்காகிட்ட சொல்லுவாரு, அடுத்து வர்றவகிட்டயும் சொல்லுவாரு, கல்யாணத்துக்கு முந்தின நாள் போவோம்னா."

விரிந்து கிடந்த தாளை எடுத்துச் சுருட்டி அவள் பக்கம் வைத்தேன்.

"அன்னைக்கு வேன்ல எம்பக்கத்துலதான் வந்தா. ஆறு பேரு உக்காந்தோம். தட்டு நெறஞ்சு நான் காய வைக்க எந்திரிச்சேன், அவ காலை எடுத்து வழிவிட்டா. அது வேல்விழிதான் சார். பெரியம்மாகிட்ட நானே சொல்லுதேன். பெறகு விருதுநகருக்கு வாரேன், எங்க வந்து சொல்லணுமோ அங்கன சொல்லுதேன்."